எலி விழித்திருந்ததா, மயங்கியிருந்ததா? மூளைப் படங்களுக்குப் பின்னால் ஒரு கதை

பதிவு இந்த முறை கொஞ்சம் நீளம். காபியோடு உட்கார்ந்து நிதானமாகப் படியுங்கள்.

நம் குழுக்களில் மாதம் ஒருமுறையாவது ஒரு செய்தி சுற்றுகிறது. "எலிகளின் மூளையில் நடத்திய ஆய்வில் புதிய கண்டுபிடிப்பு" என்று தொடங்கும். மறதி நோய்க்கு வழி, மனச்சோர்வுக்கு வழி என்று போகும். கீழே சிவப்பும் மஞ்சளுமாக ஒரு மூளைப் படம் இருக்கும். அப்படி ஒரு செய்தியைப் பார்த்துவிட்டு, இப்போது செவிலியராக இருக்கும் என் பழைய மாணவி ஒருத்தி கேட்டாள்: "டீச்சர், எம்.ஆர்.ஐ. எடுக்கும்போது மனுஷங்களே அசையாம படுக்க மாட்டேங்கிறாங்க. எலி எப்படி டீச்சர் படுத்திருக்கும்?"

மிக நல்ல கேள்வி. பதில் சுருக்கமானது: மயக்க மருந்து கொடுத்துத்தான் பெரும்பாலும் படம் எடுக்கிறார்கள். உடனே அடுத்த கேள்வி வந்துவிடுகிறது. மயக்க மருந்து வேலை செய்யும் இடமே மூளைதானே? அதைக் கொடுத்துவிட்டு மூளையைப் படம் எடுத்தால், நாம் பார்ப்பது எலியின் மூளையையா, மருந்தின் வேலையையா? நான் படித்தது ஆசிரியர் பயிற்சிப் பட்டயம்தான், மருத்துவம் இல்லை. ஆனாலும் இந்தக் கேள்வியின் வரலாற்றைத் தேடிப் படித்தபோது, வகுப்பில் சொல்லித்தர வேண்டிய பாடம் ஒன்று அதில் இருப்பதாகப் பட்டது. அதனால்தான் எழுதுகிறேன்.

வலி தராதே என்ற கடமை

1846 அக்டோபர் 16. அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் மாசசூசெட்ஸ் பொது மருத்துவமனை. வில்லியம் மார்ட்டன் என்ற பல் மருத்துவர் ஒரு நோயாளிக்கு ஈதர் ஆவியை முகரக் கொடுத்தார். ஜான் வாரன் என்ற அறுவை மருத்துவர் அவருடைய கழுத்துக் கட்டியை அறுத்தார். நோயாளி அலறவில்லை. அதுவரை அறுவை என்றால் நான்கு பேர் கைகாலைப் பிடித்துக்கொண்டு செய்கிற காரியம். அடுத்த ஆண்டே எடின்பரோவில் ஜேம்ஸ் சிம்ப்சன் குளோரோஃபார்மைக் கொண்டுவந்தார்.

மனிதருக்குக் கிடைத்த இந்த வரம் விலங்குக்கும் கிடைக்க வேண்டும் என்று பலர் குரல் கொடுத்தார்கள். 1876ஆம் ஆண்டு பிரிட்டனில் வந்த விலங்கு வதைத் தடுப்புச் சட்டம், வலி தரும் சோதனைகளில் விலங்குக்கு மயக்க மருந்து கொடுக்க வேண்டும் என்பதைப் பொது விதியாக்கியது. நம் நாட்டின் 1960ஆம் ஆண்டு விலங்கு வதைத் தடுப்புச் சட்டமும் அறுவை சார்ந்த சோதனைகளுக்கு இதே கருத்தைச் சொல்கிறது. அந்தச் சட்டத்துக்கு முதல் விதை போட்டவர் நமக்குத் தெரிந்தவர்தான். கலாக்ஷேத்ராவை நிறுவிய ருக்மிணி தேவி அருண்டேல், மாநிலங்களவை உறுப்பினராக இருந்தபோது இதற்காகத் தனிநபர் மசோதா கொண்டுவந்தார். பின்னர் 1962இல் அமைந்த விலங்கு நல வாரியத்தின் முதல் தலைவரும் அவரே. நடனம் என்றதும் நினைவுக்கு வரும் அவரை ஆய்வுக்கூடத்து எலியும் நினைத்துக்கொள்ளலாம்.

ஆக, சோதனையில் மயக்க மருந்து என்பது இரக்கத்தில் பிறந்த விதி. இதை மறக்காமல் மேலே படியுங்கள். ஏனென்றால் இந்தக் கதையில் யாரும் வில்லன் இல்லை.

ஹைதராபாத் தந்த முன்னெச்சரிக்கை

மயக்கத்தின் ஆழம் மாறினால் சோதனையின் விடையும் மாறும் என்பதற்குப் பழைய சான்று நம் நாட்டிலேயே இருக்கிறது. குளோரோஃபார்ம் கொடுத்தபோது சில நோயாளிகள் திடீரென்று இறந்தார்கள். முதலில் நிற்பது மூச்சா, இதயமா என்று மருத்துவர்களிடையே பெரிய சண்டை. ஹைதராபாத்தில் எட்வர்ட் லாரி என்ற அறுவை மருத்துவர், நிஜாம் அரசின் ஆதரவோடு 1888லும் 1889லும் இரண்டு ஆய்வுக் குழுக்களை நடத்தினார். இரண்டாவதற்கு லண்டனின் லான்செட் மருத்துவ இதழ், லாடர் பிரண்டன் என்ற புகழ்பெற்ற மருத்துவரை அனுப்பிவைத்தது. நாய், குரங்கு முதலிய விலங்குகளில் ஏராளமான சோதனைகள் செய்தார்கள். முடிவு: மூச்சுத்தான் முதலில் நிற்கிறது, மூச்சைக் கவனித்துக்கொண்டால் போதும், இதயத்தைப் பற்றிய பயம் வேண்டாம்.

1911இல் இங்கிலாந்தில் குட்மன் லெவி என்பவர் பூனைகளில் சோதித்தார். குளோரோஃபார்ம் அளவு குறைவாக, மயக்கம் லேசாக இருக்கும்போதுதான் இதயத்தின் கீழறைகள் தாறுமாறாகத் துடித்து நின்றுபோகின்றன என்று காட்டினார். மயக்கம் ஆழமாக இருக்கும்போது பார்த்தால் மூச்சு முதலில் நிற்கும். லேசாக இருக்கும்போது பார்த்தால் இதயம் நிற்கக்கூடும். "விலங்குக்கு எவ்வளவு மருந்து கொடுத்திருந்தீர்கள்?" என்ற கேள்வியை விட்டுவிட்டு விடையை மட்டும் எடுத்துக்கொண்டால் என்ன ஆகும் என்பதற்கு இது பாடம். இதே பாடத்தை மூளைப் படக்காரர்கள் ஒரு நூற்றாண்டு கழித்து மறுபடியும் படிக்க வேண்டியிருந்தது.

படம் பிறந்ததே மயங்கிய எலியில்

மூளை வேலை செய்வதைக் காட்டும் எம்.ஆர்.ஐ. படத்துக்கு அடித்தளம் போட்டவர் செய்ஜி ஒகாவா என்ற ஜப்பானிய விஞ்ஞானி. அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் வேலை பார்த்தார். 1990இல் அவரும் தோழர்களும் எழுதிய கட்டுரையில் படம் எடுக்கப்பட்டது மயக்கத்தில் இருந்த எலிகளின் மூளை.

அவர் கண்டது இது. ரத்தத்தின் செந்நிறமியான ஹீமோகுளோபின், ஆக்சிஜனைச் சுமக்கும்போது ஒரு மாதிரியும் இறக்கிவைத்த பிறகு வேறு மாதிரியும் காந்தப்புலத்தில் நடந்துகொள்கிறது. அந்த வேறுபாட்டைப் படமாகப் பிடிக்கலாம். எந்த இடத்தில் மூளை அதிகம் உழைக்கிறதோ அங்கே ரத்த ஓட்டம் கூடும், படத்தில் அது தெரியும். ஆக இந்தப் படம் நரம்பணுக்களை நேரடியாகப் பார்ப்பதில்லை. வாய்க்காலில் ஓடும் தண்ணீரைப் பார்த்து, எந்த வயலில் வேலை நடக்கிறது என்று ஊகிக்கிற மாதிரி. மயக்க மருந்தால் ரத்தத்தின் ஆக்சிஜன் அளவு மாறினால் படமும் மாறுகிறது என்பதை அந்த முதல் கட்டுரையே காட்டியது. கேள்வியும் கருவியும் ஒரே நாளில் பிறந்த இரட்டைப் பிள்ளைகள் என்றே சொல்லலாம்.

1992இல் மனித மூளையில் இந்தப் படம் வந்துவிட்டது. மனிதரிடம் "அசையாதீங்க" என்று சொன்னால் போதும், மயக்கம் தேவைப்படவில்லை. 1995இல் அமெரிக்காவின் மில்வாக்கி நகரில் பரத் பிஸ்வால் என்ற ஆய்வு மாணவர் ஒரு விநோதத்தைக் கவனித்தார். ஆட்கள் எந்த வேலையும் செய்யாமல் சும்மா படுத்திருக்கும்போதும், இடது கையை இயக்கும் மூளைப் பகுதியும் வலது கையை இயக்கும் பகுதியும் ஒன்றோடொன்று இசைந்து மெல்ல ஏறி இறங்கின. மூச்சாலும் நாடித் துடிப்பாலும் வரும் இரைச்சல் என்று பலர் ஒதுக்கினார்கள். அது இரைச்சல் இல்லை என்பது போகப்போகத் தெரிந்தது. இப்படிச் சேர்ந்து ஏறி இறங்கும் பகுதிகளை "செயல்வழி இணைப்பு" உள்ளவை என்கிறார்கள். தெருவில் எந்த வீட்டுக்கும் எந்த வீட்டுக்கும் பேச்சு வார்த்தை உண்டு என்று தூரத்திலிருந்தே கண்டுபிடிப்பது போன்றது இது.

மனிதரில் கண்டதை எலியிலும் குரங்கிலும் பார்க்க வேண்டும் என்ற ஆசை இயல்பாக வந்தது. நோயை உண்டாக்கி, மருந்து கொடுத்து, என்ன நடக்கிறது என்று பார்க்க விலங்கில்தான் முடியும். ஆனால் சுண்டெலியின் மூளை அரை கிராம்கூடத் தேறாது. அதில் ஒரு மில்லிமீட்டர் அசைந்தாலும் படம் வீண். எம்.ஆர்.ஐ. இயந்திரத்தின் சத்தமோ காதைப் பிளக்கும். ஆகவே மறுபடியும் மயக்க மருந்து.

ஒவ்வொரு மருந்துக்கும் ஒரு படம்

இங்கேதான் சிக்கல் ஆரம்பிக்கிறது. ஐசோஃப்ளூரேன் என்பது முகரக் கொடுக்கும் மருந்து, கொடுப்பது எளிது, சீக்கிரம் தெளியும். ஆனால் அது ரத்தக் குழாய்களை விரிக்கும். எல்லா மதகையும் திறந்துவிட்டால் எந்த வயல் தண்ணீர் கேட்டது என்று எப்படித் தெரியும்? மெடிடோமிடின் என்ற மருந்து நேர் எதிர்: ரத்தக் குழாய்களைச் சுருக்கும், இதயத் துடிப்பைக் குறைக்கும். குளோராலோஸ் என்ற பழைய மருந்து ரத்த ஓட்டத்தின் இயல்பை நன்றாகக் காப்பாற்றும், ஆனால் அதைக் கொடுத்த விலங்கைப் பெரும்பாலும் மறுபடி எழுப்பிப் பயன்படுத்த முடியாது. மயங்கிய விலங்குக்கு உடல் சூடு குறையும், மூச்சு மாறும், ரத்தத்தில் கரியமில வாயு கூடும். இவை ஒவ்வொன்றும் படத்தை மாற்றும்.

இன்னொரு பொறியும் உண்டு. ஐசோஃப்ளூரேன் அளவு அதிகமானால், மூளை முழுவதும் சற்று நேரம் அமைதியாகி, பிறகு ஒரே நேரத்தில் வெடித்தெழுந்து, மறுபடி அமைதியாகும். அப்போது படம் எடுத்தால் எல்லாப் பகுதியும் எல்லாப் பகுதியோடும் இணைந்திருப்பது போலத் தெரியும். நம் வகுப்பு நினைவிருக்கிறதா? நாற்பது பேரும் ஒரே குரலில் பதினாறாம் வாய்ப்பாடு ஒப்பிப்பீர்கள். தாழ்வாரத்தில் நின்று கேட்கிற ஒருவர், "இந்த வகுப்பில் எல்லாரும் உயிர்த் தோழர்கள்" என்று முடிவு கட்டினால் எப்படி இருக்கும்? யாருக்கு யார் நண்பர் என்பது இடைவேளையில்தான் தெரியும்.

2014இல் ஜூரிக் நகரில் ஜோவானஸ் கிராண்ட்ஜானும் தோழர்களும் இதை நேருக்கு நேர் சோதித்தார்கள். சுண்டெலிகளுக்கு வெவ்வேறு மயக்க மருந்துகள் கொடுத்து, இணைப்புப் படங்களை ஒப்பிட்டார்கள். ஐசோஃப்ளூரேனில் மூளையின் மேலடுக்கான புறணியில் இடது வலது இணைப்பு நன்றாகத் தெரிந்தது, உள்ளே ஆழத்தில் இருக்கும் பகுதிகள் மங்கின. மெடிடோமிடினில் ஆழப் பகுதிகள் தெரிந்தன, புறணியின் இடது வலது இணைப்பு குறைந்தது. இரண்டையும் சிறிய அளவில் கலந்து கொடுத்தபோது இரண்டும் ஓரளவு தெரிந்தன. விலங்கு அதே வகைதான், இயந்திரமும் மாறவில்லை. கொடுத்த மருந்து மாறியதும் மூளையின் வரைபடமே மாறிவிட்டது.

இதைப் படித்துவிட்டு, மயக்கத்தில் பார்த்ததெல்லாம் பொய் என்று எண்ணிவிடாதீர்கள். கண் பார்ப்பதை மூளை எப்படிப் பிரித்துப் புரிந்துகொள்கிறது என்று கண்டதற்காக ஹியூபெல், வீசெல் இருவருக்கும் 1981இல் நோபல் பரிசு கிடைத்தது. அவர்களுடைய முதல் சோதனைகள் மயக்க மருந்து கொடுத்த பூனைகளில் நடந்தவையே. மயக்கத்திலும் சில உண்மைகள் தெரியும். எவை தெரியும், எவை மறையும் என்று அறிந்திருக்க வேண்டும், அவ்வளவுதான்.

விழித்த விலங்கைப் பார்த்தால்?

"அப்படியானால் மயக்கமே இல்லாமல் எடுத்துவிடலாமே" என்று கேட்பீர்கள். 1990களின் பிற்பகுதியிலேயே விழித்திருக்கும் எலியைப் படம் எடுக்கும் முயற்சி தொடங்கிவிட்டது. தலையையும் உடலையும் அசையாமல் பிடித்துவைத்து, பல நாள் சத்தத்துக்குப் பழக்கி எடுக்கிறார்கள். ஆனால் கட்டிப்போட்ட எலிக்குப் பயம் வரும், பதற்றத்தின் சுரப்புகள் கூடும். பயந்த மூளையும் இயல்பான மூளை இல்லையே! வலி தராதே என்ற கடமை ஒரு பக்கம், உள்ளதை உள்ளபடி பார் என்ற கடமை மறு பக்கம். நடுவில் ஒரு சிறு பிராணி.

இதற்கு அழகான வழி கண்டவர்களில் ஒருவர் அமெரிக்காவின் எமரி பல்கலைக்கழகத்து கிரிகரி பெர்ன்ஸ். காப்பகத்திலிருந்து எடுத்து வளர்த்த தன் நாய் கேலியை, எம்.ஆர்.ஐ. இயந்திரத்துக்குள் தானாக ஏறி, தாடையைத் தாங்கியில் வைத்து, அசையாமல் படுக்கப் பழக்கினார். கட்டு இல்லை, மருந்து இல்லை. காதுக்குப் பாதுகாப்பு உண்டு, பிடிக்கவில்லை என்றால் எழுந்து போய்விடலாம். ஒரு கை சைகை காட்டினால் தின்பண்டம் உண்டு, இன்னொரு சைகைக்கு இல்லை. தின்பண்டம் வரும் என்ற சைகையைக் கண்டதும் நாயின் மூளையில் எதிர்பார்ப்புக்கு உரிய பகுதி துடித்தது. 2012இல் இது வெளியானது. பழக்குவதற்கு மாதக்கணக்கில் பொறுமை வேண்டும். ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகளை வரிசையில் நிற்கப் பழக்கிய எனக்கு அந்தப் பொறுமை என்னவென்று தெரியும்.

நாய்க்குச் சரி, நூற்றுக்கணக்கான எலிகளுக்கு இது எளிதில் ஆகாது. அதனால் பல நாட்டு ஆய்வுக்கூடங்கள் கைகோத்தன. 46 மையங்களிலிருந்து 65 எலிப் படத் தொகுப்புகளைத் திரட்டி, எங்கே படம் நம்பகமாக இருக்கிறது என்று அலசினார்கள். 20 மையங்களில் சரிபார்த்து, எல்லாரும் பின்பற்றத்தக்க ஒரு பொது முறையை 2023இல் வெளியிட்டார்கள். மெடிடோமிடினையும் குறைந்த அளவு ஐசோஃப்ளூரேனையும் சேர்க்கும் கலவைதான் அதில் வருகிறது. ஆளுக்கொரு படியில் நெல் அளந்துகொண்டிருந்தவர்கள், சந்தைக்கு ஒரே முத்திரைப் படி வைத்துக்கொண்டது போல. ஒப்பிட முடியாத ஆய்வுக்காக ஒரு விலங்கு உயிரை விட்டால், அந்த உயிர் வீண்தானே.

ஆகவே பிள்ளைகளே, அடுத்த முறை "எலி மூளையில் கண்டுபிடிப்பு" என்று செய்தி வந்தால், பத்துப் பேருக்கு அனுப்புவதற்கு முன் மூன்று கேள்வி கேளுங்கள். விலங்கு விழித்திருந்ததா? மயக்கம் என்றால் எந்த மருந்து, எவ்வளவு? வேறு இடத்திலும் அதே விடை வந்ததா? விடை இல்லாத செய்தியை நம்பி வீட்டுப் பெரியவர்களின் மாத்திரையை மாற்றிவிடாதீர்கள். சொந்தங்களில் யாருக்காவது ஆபரேஷன் வரப்போகிறது என்றால் இந்தப் பதிவைப் பார்த்து அஞ்சவும் வேண்டாம். மயங்கியிருக்கும் நேரத்தில் இணைப்புகள் மாறுவதுதான் அந்த மருந்தின் வேலை. உங்கள் சந்தேகங்களை மயக்க மருந்து கொடுக்கும் மருத்துவரிடமே கேளுங்கள், அவர் சொல்வார்.

இடைஞ்சலே விளக்கானது

எனக்கு மிகவும் பிடித்த பகுதி இனித்தான். 2007இல் செயின்ட் லூயிஸ் நகர வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் மார்கஸ் ரைக்கிள் குழுவினர், ஐசோஃப்ளூரேனில் ஆழ்ந்திருந்த குரங்குகளின் மூளையிலும் இணைப்பு வலைகள் கலையாமல் இருப்பதைக் கண்டார்கள். நினைவே இல்லாத மூளையிலும் வலை இருக்கிறது! அப்படியானால் "நான் இருக்கிறேன்" என்ற உணர்வு வருவதற்கு வலை மட்டும் போதாது. வேறென்ன வேண்டும்?

2015இல் பாரிஸ் அருகே நியூரோஸ்பின் மையத்தில் ஸ்தானிஸ்லாஸ் தெஹேன், பெஷீர் ஜராயா ஆகியோரின் குழு, விழித்திருந்த குரங்குகளையும் புரோபோஃபால் மருந்தில் மயங்கிய குரங்குகளையும் ஒப்பிட்டது. விழித்திருக்கும்போது மூளையின் இணைப்புக் கோலம் நொடிக்கு நொடி மாறிக்கொண்டே இருந்தது, நேரடி நரம்புப் பாதை வலுவாக இல்லாத இடங்களும் சேர்ந்து இயங்கின. மயக்கத்தில் கோலங்களின் எண்ணிக்கை சுருங்கி, போட்டு வைத்த நரம்புப் பாதையை ஒட்டியே ஓட்டம் நின்றது. பகலில் ஊர் முழுக்க ஆட்கள் குறுக்கு வழியிலும் வரப்பிலும் போய்வருவார்கள். நள்ளிரவில் நெடுஞ்சாலையில் லாரி மட்டும் ஓடும். சாலை ஒன்றுதான், ஊர் விழித்திருக்கிறதா என்பது போக்குவரத்தில் தெரிகிறது.

2019இல் அதீனா டெமெர்ட்சியும் பல நாட்டு ஆய்வாளர்களும் இதே அளவுகோலை, மூளைக் காயத்துக்குப் பிறகு நினைவு திரும்பாமல் கிடக்கும் மனிதர்களிடம் வைத்துப் பார்த்தார்கள். நினைவோடு இருப்பவர்களிடம் சிக்கலான கோலம் அடிக்கடி வந்தது. எந்த உணர்வும் காட்டாதவர்களிடம் நரம்புப் பாதையை ஒட்டிய எளிய கோலமே மேலோங்கி இருந்தது. 2022இல் நியூரோஸ்பின் குழுவினர், மயக்கத்தில் இருந்த குரங்குகளின் மூளை நடுவே உள்ள தலாமஸின் மையப் பகுதியில் மெல்லிய மின்தூண்டல் கொடுத்தார்கள். மருந்து ஓடிக்கொண்டிருக்கும்போதே குரங்கு கண் திறந்தது, விழிப்பின் கோலமும் படத்தில் திரும்பி வந்தது. பக்கத்துப் பகுதியில் தூண்டியபோது அப்படி நடக்கவில்லை.

விபத்துக்குப் பிறகு மாதக்கணக்கில் கண் திறக்காமல் கிடக்கும் மகனின் கையைப் பிடித்துக்கொண்டு, "நான் பேசறது அவனுக்குக் கேக்குதா?" என்று கேட்கும் தாய்மார்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். அந்தக் கேள்விக்கு இன்னும் முழு விடை கையில் இல்லை. ஆனால் விடையை நோக்கிப் போகும் பாதை, "இந்த மருந்து என் படத்தைக் கெடுக்கிறதே" என்று ஆய்வுக்கூடத்தில் பலர் பட்ட கவலையிலிருந்துதான் புறப்பட்டது. கெடுப்பது எது, எப்படிக் கெடுக்கிறது என்று பொறுமையாகப் பார்த்தவர்களுக்கு, விழிப்பு என்றால் என்ன என்பதே கொஞ்சம் புரியத் தொடங்கியது.

கால்நடை மருத்துவம் படித்த பிள்ளைகளும் அறுவை அரங்கில் வேலை பார்க்கும் பிள்ளைகளும் உங்கள் அனுபவத்தைக் கீழே எழுதுங்கள். நான் எளிமைப்படுத்திய இடங்களை நீங்கள் விரித்துச் சொன்னால் எல்லாரும் சேர்ந்து படிப்போம்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்